எல்வீராவுக்காக இறங்கிய கொடி

கோட்கா,
அக்டோபர், ஞாயிற்றுக்கிழமை

பிரியமுள்ள பில்விக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நன்றாகத்தான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்னால் முனகும், அது புதிதில்லை, நீயும் மாப்பிள்ளையும் குட்டி ஈரிஸும் அந்த வெயில் ஊரில் காய்ச்சல் சளி எதுவும் அண்டாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் இதைத் தொடங்குகிறேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே "அம்மா, விடும்மா, இந்த வயசுல உனக்கு எதுக்கு ஊர் வம்பு" என்று நீ புகுந்துவிடுவாய், அப்புறம் நான் கத்துவேன், நீ போனை ஈரிஸிடம் கொடுத்துவிட்டு நழுவிவிடுவாய். கடிதம் என்றால் கடைசிவரை படித்தே ஆக வேண்டும். உன் சிநேகிதி மிர்வா இதற்குள் உனக்கு எழுதாமல் இருந்திருக்க மாட்டாள், அவளுக்குத் தன் அப்பாவின் மானம் பெரிது, அதில் தப்பில்லை. உன் அம்மா கொடிக்கம்பத்தை உடைத்தாள், ஏதோ ஒரு துணியை ஏற்றினாள், தெருவே வேடிக்கை பார்த்தது என்று எழுதியிருப்பாள். நான் எதையும் உடைக்கவில்லை. அது துணியும் இல்லை, உன் அப்பாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு நீ வாங்கிக்கொடுத்த கொடி. தெரு வேடிக்கை பார்த்தது மட்டும் உண்மை, பார்க்கட்டும் என்றுதான் செய்தேன்.

என் மேல்வீட்டு எல்வீரா போய்விட்டாள். நீ கடைசியாக வந்திருந்தபோது லிஃப்டில் பார்த்தாயே, கறுப்பு வெல்வெட் பாவாடைக்காரி, "நீ முன்னால போ கண்ணு, என் பாவாடைக்கே தனியா ஒரு லிஃப்ட் வேணும்" என்று உன்னைச் சிரிக்கவைத்தாளே, அவள்தான். அந்தப் பாவாடையைப் பார்த்த மாத்திரத்தில் அவள், நாடோடிகள் என்று ஊர் ஒதுக்கிவைக்கிற ரோமா சனம் என்று யாருக்கும் தெரிந்துவிடும், தெரியட்டும் என்றுதான் அவளும் எண்பது வயதில் அந்தக் கனத்தைச் சுமந்துகொண்டு நடந்தாள். அவள் குடிவந்த புதிதில் துணி துவைக்கும் அறைக்குள் நுழைந்தால் போதும், இந்த அடுக்குமாடி வீட்டுப் பெண்கள் தங்கள் போர்வைகளைக் கண்ணாலேயே எண்ண ஆரம்பிப்பார்கள், அவள் பார்த்தும் பார்க்காததுபோல ஏலக்காய் ரொட்டியை நீட்டுவாள். அவளுடைய அப்பா போரில் செத்தவர், மகள் முகத்தைப் பார்த்ததே இல்லை. அவர் ஊர்த் தேவாலயத்தின் முற்றத்தில், போரில் விழுந்த மற்றப் பையன்களோடு ஒரே வரிசையில், ஒரே மாதிரிக் கல்லுக்குக் கீழே படுத்திருக்கிறார். ஒவ்வொரு டிசம்பரிலும் சுதந்திர நாள் மாலையில் இந்த வீட்டில் முதலில் ஜன்னலோரம் இரண்டு மெழுகுவத்தி ஏற்றுவது எல்வீராதான். மற்றவர்களெல்லாம் அவள் ஜன்னலைப் பார்த்துவிட்டுத்தான் தீப்பெட்டியைத் தேடுவோம்.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது. உன் அப்பா போன மறுநாள் நீ விமானத்தில் இருந்தாய். இங்கே முற்றத்தில் கொடி பாதிக் கம்பத்தில் நின்றது, சரியான மழை, எல்லோரும் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள், நானும்தான். எல்வீரா மட்டும் கீழே இறங்கிப்போய்க் கம்பத்தடியில் நின்றாள். குடைகூட இல்லை, அந்த வெல்வெட் தண்ணீரைக் குடித்துக் குடித்து அவளைத் தரைக்கு இழுக்கிறது, அவள் நகரவில்லை. இப்படியா நனைவாய் என்று பிறகு நான் சத்தம் போட்டதற்கு, "கொடி நிக்குதே அய்லி, அது தனியா நிக்கலாமா" என்றாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டினேன்.

போன திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில், தூக்கத்திலேயே போய்விட்டாள். அவள் மகள் ரமோனா போன் செய்து சொன்னாள், நான் அப்போதே போய் மிர்வாவின் அப்பாவிடம் சொன்னேன். தார்மோதானே வீட்டுச் சங்கத் தலைவர், கொடி அவர் பொறுப்பு. அந்தக் கொடியை அவர் எப்படி வைத்திருப்பார் என்று உனக்குத் தெரியும், கடலோரக் காவலில் காலம் தள்ளிய மனிதர், இஸ்திரி போட்டு மடிப்புக் கலையாமல் கைக்குழந்தையைத் தூக்கிவருவதுபோலத் தூக்கிவருவார். இந்த வீட்டில் யார் போனாலும் மறுநாள் நான் காபியோடு ஜன்னலுக்கு வரும்போது கொடி பாதிக் கம்பத்தில் நிற்கும், பஸ்ஸுக்கு ஓடுகிற முன்பின் தெரியாதவன்கூட அண்ணாந்து பார்த்துவிட்டு நடையைத் தளர்த்துவான். செவ்வாய்க்கிழமை காபியோடு வந்து பார்த்தேன், கம்பம் மொட்டையாக நின்றது. சரி, மனிதருக்கு வயதாகிறது, மறந்திருப்பார் என்று நினைத்தேன். புதன்கிழமையும் மொட்டை. அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு போய் அவர் கதவைத் தட்டினேன்.

"அவங்க வீட்டுலயா செத்தாங்க அய்லி, ஆஸ்பத்திரியில இல்ல செத்தாங்க" என்று ஆரம்பித்தார். என் தௌனோவும் ஆஸ்பத்திரியில்தான் செத்தார், அவருக்குக் கொடி இறங்கவில்லையா என்றேன். "இவங்க வாடகைக்கு இருந்தவங்க" என்று அடுத்த சப்பைக்கட்டு. இரண்டாம் மாடியில் இருந்த பியானோ வாத்தியார் மட்டும் சொந்த வீட்டிலா இருந்தார், அவருக்கு நீங்கள்தானே இறக்கினீர்கள் என்றேன். "சங்கத்துல பேசி முடிவு பண்ணணும், நான் ஒரு ஆளா எதையும் செய்ய முடியாது" என்று மழுப்பினார். "உங்க சம்சாரம் போனப்ப எந்தச் சங்கத்துல பேசினீங்க?" என்று கேட்டேன். மிர்வாவின் அம்மாவை இழுத்தது அதிகம்தான், ஆனால் இழுத்துவிட்டேன். அவர் முகம் சிவந்துபோய், உள்ளே அடைத்துவைத்திருந்தது வெளியே வந்தது. "அவங்க சனத்துக்குன்னு சக்கரம் போட்ட கொடி ஒண்ணு இருக்குல்ல, அதை ஏத்திக்கட்டுமே, யாரு வேண்டாம்னா?" பில்வி, எனக்குக் காது இரண்டும் அடைத்துவிட்டது. சக்கரக் கொடி இருக்கட்டும், அதுவும் அவளுடையதுதான், அதனால் இந்த நாட்டுக் கொடி அவளுடையது இல்லை என்று ஆகிவிடுமா? "அவ அப்பா எந்தக் கொடிக்காகச் செத்தாரு தார்மோ, அதை மட்டும் சொல்லுங்க, நான் போயிடறேன்" என்றேன். கதவைச் சாத்தினார். அறைந்துகூடச் சாத்தவில்லை, மெதுவாக, மரியாதையாகச் சாத்தினார், அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல். மூடிய கதவைப் பார்த்து, மாடிப்படி முழுக்கக் கேட்கும்படி, "நாளைக்குக் காலையில இந்த வீட்டுல கொடி இறங்கும். நீங்க இறக்கலைன்னா நான் இறக்குவேன்!" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வந்து பெட்டியைக் குடைந்தேன். ஏரிக்கரைக் குடிலில் நாம் கோடையில் ஏற்றுவோமே, நீ வாங்கிக்கொடுத்த அந்தக் கொடி கிடைத்தது, ஒரு மூலையில் லேசாகப் புகை வாசனை, உன் அப்பா சுட்ட மீனின் வாசனையாக இருக்கும். வியாழக்கிழமை காலையில் அதை மார்போடு அணைத்துக்கொண்டு கீழே இறங்கினால், மூன்றாம் மாடி சைமி நைட்டிமேல் கோட்டை மாட்டிக்கொண்டு படியில் நிற்கிறாள். முந்தின நாள் நான் கத்தியது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. நீ எதற்கு இந்தக் குளிரில் என்றேன். "என் வீட்டுக்காரருக்கு வசந்தத்துல இறங்கின கொடி எல்வீராவுக்கு இறங்காதுன்னா, அப்ப அவருக்கு இறங்கினதுக்கும் மதிப்பில்லன்னு ஆயிடுது, நானும் வரேன்" என்றாள். வாயே திறக்காத சைமி, நினைத்துப் பார். கம்பத்தின் கயிறு ஒரு சின்ன மூடிக்குள் இருக்கிறது, அதற்கு வீட்டுச் சூடேற்றியைத் திருகுகிற ரேடியேட்டர் சாவி போதும், அது எல்லார் வீட்டிலும் உண்டு, மிர்வாவிடம் சொல், இதுதான் அந்த உடைப்பு. கடல் காற்று கொடியைப் பிடுங்குகிறது, எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து நல்ல முழங்கால் ஒன்றுகூட இல்லை, தட்டுத்தடுமாறிக் கட்டிக் கயிற்றை இழுத்தோம். பாதி உயரம் வந்ததும் நிறுத்தி இறுக்கிக் கட்டினேன். அவ்வளவு நெடிய கம்பத்தில் குடில் கொடி எவ்வளவு சின்னதாகத் தெரிகிறது என்று அப்போதுதான் பார்த்தேன். இருந்தாலும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, படாரென்று கதவு திறந்து தார்மோ ஓடிவருகிறார். வீட்டுச் செருப்பு, ஒரு கன்னத்தில் சவர நுரை. சரி, சண்டைக்குத்தான் வருகிறார் என்று நானும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, மேலே பார்த்துக்கொண்டு கத்துகிறார். "என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க! நேராப் பாதியில கொண்டுபோய் நிறுத்துவாங்களா? முதல்ல உச்சி வரைக்கும் போகணும், அங்க கொஞ்சம் நிக்கணும், அப்புறம்தான் பாதிக்கு வரணும்! உச்சிக்கே போகாத கொடி எங்கேருந்து இறங்கும்?" சத்தியமாக எனக்கு அது தெரியாது பில்வி. இத்தனை வருஷமும் நான் ஜன்னலுக்கு வருவதற்குள் அவர் எல்லாம் முடித்துவிட்டிருப்பார். "அதுவும் இதையா? இவ்வளவு உசரக் கம்பத்துக்கு மூக்கு துடைக்கிற துணியா?" என்றார். "பெரிசு உங்க அலமாரியிலதானே தூங்குது" என்றாள் சைமி. எனக்கும் வேகம் வந்துவிட்டது. "எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். சாயங்காலம் வரைக்கும் இது இப்படியேதான் நிக்கும். போறவன் வர்றவன் எல்லாம் பாத்துட்டு, இந்த வீட்டுல ஒருத்தருக்கும் கொடி ஏத்தத் தெரியல, தலைவர் யாருன்னு கேட்டுட்டுப் போகட்டும்" என்றேன்.

அவரைப் பார்க்க வேண்டுமே. கொடியைப் பார்க்கிறார், எதிரே பஸ் நிறுத்தத்தில் நிற்கிற கூட்டத்தைப் பார்க்கிறார், மறுபடி கொடியைப் பார்க்கிறார். ஒரு பக்கம் அந்த வீம்பு, இன்னொரு பக்கம் வாழ்நாள் முழுக்கக் கையில் ஊறிய பழக்கம். பழக்கம் ஜெயித்தது. விறுவிறுவென்று உள்ளே போனார், திரும்பி வரும்போது முகம் துடைத்து, கோட்டுப் போட்டு, தொப்பி வைத்து, பெரிய கொடியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். மூக்கு துடைக்கிற துணி என்றாரே, அதைக்கூட நேராக இறக்கவில்லை, முதலில் உச்சி வரை ஏற்றி, பிறகுதான் இறக்கி, தரையில் படாமல் மடித்து என் கையில் கொடுத்தார். அப்புறம் பெரியதைக் கட்டினார். அது விரிந்துகொண்டே உச்சிக்குப் போனது, போய் அங்கே நின்றது, வெள்ளையில் அந்த நீலச் சிலுவை, கடல் பக்கம் திரும்பி. எல்வீராவுக்காக அது உச்சியில் நின்றதை, மடித்த குடில் கொடியைக் கையில் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தேன். பிறகு மெல்ல மெல்லப் பாதிக்கு இறங்கியது. தார்மோ தொப்பியைக் கழற்றினார். கைதான் செய்தது மனது செய்யவில்லை என்று நீ சொல்லலாம். எனக்கு அன்றைக்குக் கை போதும்.

அவர் கயிற்றை முடிந்துகொண்டிருக்கும்போதே ஒரு வேன் வந்து நின்றது. ரமோனாவும் அவள் தம்பியும் காலி அட்டைப்பெட்டிகளோடு இறங்கினார்கள், எல்வீராவின் சாமான்களை எடுத்துப்போக வந்திருக்கிறார்கள். ரமோனாவுக்கும் அதே கறுப்பு வெல்வெட், அதே நடை. தம்பி கொடியைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியை எடுத்துவிட்டான். ரமோனா எங்கள் பக்கத்தில் வந்து, குரலை அவ்வளவு தாழ்த்திக்கொண்டு, "மன்னிச்சுக்கங்க, வீட்டுல துக்கம்னு தெரியாம வந்துட்டோம். சத்தம் போடாம பின்வாசல் வழியாப் போயி எடுத்துக்கறோம். யாரு தவறிட்டாங்க?" என்று கேட்டாள்.

வேறு யாருக்கோ என்று நினைத்துவிட்டாள், பில்வி. பெற்ற அம்மா செத்துக் கிடக்கிறாள், அம்மா இருந்த வீட்டு முற்றத்தில் கொடி இறங்கி நிற்கிறது, இருந்தும் அது தன் அம்மாவுக்கு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. நான் என்ன சொல்வது? சைமி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். தார்மோ கையில் கயிற்றோடு அப்படியே நின்றார். அவர் சொல்ல வேண்டிய பதில் அது, நான் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டு அவரையே பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "உங்க அம்மாவுக்குத்தாம்மா" என்றார். ரமோனா அண்ணாந்து பார்த்தாள். தம்பியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் கம்பத்தடியில் போய் நின்றார்கள், நாங்களும் போய் நின்றோம். யார் ஏற்றியது என்று அவள் கேட்டபோது நான் தார்மோவைக் காட்டினேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "முதல்ல ஏத்தினது அய்லிதான். தப்பா ஏத்தினாங்க" என்றார். அழுதுகொண்டிருந்த ரமோனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எல்வீராவின் சிரிப்பு அச்சாக.

நேற்று அடக்கம். நானும் சைமியும் போயிருந்தோம், எங்கெங்கிருந்தோ சொந்தங்கள் வந்து தேவாலயம் நிறைந்துவிட்டது, அப்படி ஒரு பாட்டு, கூரையே தூக்கிக்கொள்ளும்போல. திரும்பி வரும்போது பஸ் ஜன்னலிலிருந்தே பார்த்தேன், காலையில் பாதியில் நின்ற கொடி, அடக்கம் முடிந்தால் செய்ய வேண்டியபடி உச்சிக்குப் போயிருந்தது. நாங்கள் யாரும் அவருக்கு நேரம் சொல்லவில்லை, ரமோனாவிடம் அவரே போன் செய்து கேட்டிருக்கிறார். அதற்காக மனிதர் திருந்தி ஞானியாகிவிட்டார் என்று நினைத்துவிடாதே. அடக்கத்துக்கு வரவில்லை. கீழே அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார், வரும் புதன்கிழமை சங்கக் கூட்டமாம், முதல் விஷயம் கொடிக்கம்பத்தை அனுமதியில்லாமல் திறந்தது. திறந்தேன் என்றுதான் சொல்லப்போகிறேன். மன்னிப்புக் கேட்க மாட்டேன். இந்தக் கூரைக்குக் கீழே படுத்து எழுந்தவர் யாராக இருந்தாலும், வாடகையோ சொந்தமோ, பாவாடையோ கால்சட்டையோ, போகும்போது கொடி இறங்க வேண்டும், அதைத் தீர்மானமாக எழுதுங்கள், இல்லாவிட்டால் நாளைக்கும் திறப்பேன் என்று சொல்லப்போகிறேன். சைமி என் பக்கத்தில் உட்கார்வாள். மற்றவர்கள் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது. மாடிப்படியில் பார்த்தால் சிலர் என் கையைப் பிடித்து அழுத்துகிறார்கள், சிலர் தபால்பெட்டியைத் திறந்து நெடுநேரம் உள்ளே தேடுகிறார்கள். தேடட்டும். நீ மிர்வாவோடு சண்டை போடாதே, அவள் நல்ல பெண், சண்டை எனக்கும் அவள் அப்பாவுக்கும்தான், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

ஈரிஸின் பள்ளிக்கூட விழாவில் எந்தக் கொடியைப் பிடிக்கச் சொல்வது என்று கேட்டிருந்தாய், யாரோ ஒரு பையன் "நீ இங்கே பிறந்தவள், அந்த நீலச் சிலுவைக் கொடி உன்னுடையது இல்லை" என்று அவளை அழவைத்தான் என்றும் சொன்னாய். போன வாரம் கேட்டிருந்தால் ஏதாவது ஒன்றைப் பிடிக்கட்டும், விடு என்றிருப்பேன். இப்போது சொல்கிறேன், ஆண்டவன் எதற்கு இரண்டு கை கொடுத்திருக்கிறான், இரண்டையும் பிடிக்கட்டும். இது உன்னுடையது இல்லை என்று எவனாவது சொன்னால் இன்னும் இறுக்கிப் பிடிக்கச் சொல். அவளுக்குக் கம்பளிக் காலுறை பின்னி வைத்திருக்கிறேன், அந்த வெயிலில் எதற்கு என்று சிரிக்காதே, இரவில் கால் குளிரும். நீ ராத்திரியில் காபி குடிப்பதைக் குறை. மாப்பிள்ளையை வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல், நிமிர்ந்த தலையோடு நெடுங்காலம் வாழ வேண்டும், கடவுள் கூடவே இருக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நான் போகும்போது, இந்த வீட்டில் எல்லோருக்கும் கொடி இறங்கும் என்று ஆகியிருந்தால் எனக்கும் பெரிய கொடி இறங்கட்டும், தார்மோ உயிரோடு இருந்தால் அவரே செய்யட்டும், அவர் கைக்கு நிகர் இல்லை. சிலருக்கு மட்டும்தான் என்று அவர்கள் முடிவு செய்திருந்தால் அந்தக் கொடியை எனக்காகத் தொட விடாதே. பெட்டியில் மேலாகவே குடில் கொடியை மடித்து வைத்திருக்கிறேன், ரேடியேட்டர் சாவி அதன் மடிப்புக்குள் இருக்கிறது, நீயே ஏற்று. முதலில் உச்சி வரை, பிறகுதான் பாதிக்கு. சின்னதாகத் தெரிந்தால் தெரியட்டும். அது தனியாக நிற்கக் கூடாது, நீ வந்து கீழே நில்.

எப்போதும் உன் நினைவாகவே இருக்கும்,
உன் அம்மா
அய்லி